களிம்பு ஏறும் ஊரில் ஒரு மலைச் சைக்கிள்

அத்திப்பட்டில் மலை கிடையாது. எங்கள் வீட்டு மொட்டை மாடியில் நின்றால் உயரமாகத் தெரிவது அனல் மின் நிலையத்தின் புகைபோக்கிகளும் துறைமுகத்துப் பக்கம் தலை நீட்டும் கிரேன்களும்தான். மற்றதெல்லாம் தரை. கொசஸ்தலை ஆறு கடலில் சேருமுன் அகன்று படுத்துக்கிடக்கிற உப்புத் தரை. இப்படிப்பட்ட ஊருக்கு 2022-இல் என் தம்பி ஒரு மின்சார மலைச் சைக்கிளை ஓட்டிக்கொண்டு வந்து வாசலில் நிறுத்தினான். “எந்த மலைக்குடா போகப் போற?” என்று அம்மா கேட்டார். அவன் மனசில் நாகலாபுரம் மலை இருந்தது. ஆந்திர எல்லையைத் தாண்டிவிட்டால் காடும் ஓடையும் என்று கூட்டாளிகள் சொல்லிவைத்திருந்தார்கள். அந்த மலையைப் பார்ப்பதற்குள் அவனுக்குச் சிங்கப்பூரில் கப்பல் பட்டறை வேலை கிடைத்துவிட்டது. கிளம்புகிற அன்று பேட்டரிப் பூட்டின் சாவியை என் கையில் வைத்து, “அக்கா, நீயே ஓட்டு. சும்மா நின்னா கெட்டுடும்” என்றான்.

நான் எடைமேடையில் பில் போடுகிறவள். திருவொற்றியூர் – பொன்னேரி – பஞ்செட்டி சாலையை ஒட்டி இருக்கிறது எங்கள் மேடை. லாரி ஏறி நிற்கும், எண் ஓடி ஓடி ஓரிடத்தில் நிலைக்கும், சீட்டு அடித்துக் கொடுப்பேன். காலி எடை, சுமை எடை, இரண்டுக்கும் நடுவில் சரக்கு. மதியம் 2 மணிக்கு ஏறினால் இரவு 10 மணிக்கு இறங்கலாம். அந்நேரத்துக்கு ஷேர் ஆட்டோ வந்தால் உண்டு. வீட்டுக்கு 6 கிலோமீட்டர். கன்டெய்னர் லாரிகள் உழுதுபோட்ட பள்ளங்கள், சாம்பல் லாரிகள் சிந்திப்போன தூள், மழை பெய்தால் எது பள்ளம் எது சாலை என்று தெரியாத சேறு. முன்பக்கம் ஷாக் அப்சார்பரும் பட்டை பட்டையாய்க் கட்டை வைத்த அகல டயரும் கொண்ட அந்த வண்டியில் முதல் நாள் இரவு வீடு திரும்பியபோது, மலைக்கென்று செய்த வண்டிக்கு இந்தச் சாலையே போதும் என்று தோன்றியது. அன்றிலிருந்து அது என் வண்டி.

250 வாட் மோட்டார், 25 கிலோமீட்டர் வேகத்துக்கு மேல் தானாக இழுக்காது. நம் நாட்டுச் சட்டப்படி அந்த அளவுக்குள் இருப்பதால் லைசென்ஸும் வேண்டாம், பதிவும் வேண்டாம். மிதிக்க மிதிக்க, பின்னாலிருந்து யாரோ முதுகில் கை வைத்துத் தள்ளுகிற மாதிரி இருக்கும். எட்டு மணி நேரம் உட்கார்ந்து மரத்துப்போன உடம்புக்கு அந்தக் கை எவ்வளவு ஆறுதல் என்பதை இரவு ஷிப்ட் முடித்து வருகிறவர்களுக்குத்தான் சொல்லிப் புரியவைக்க முடியும்.

நாலாவது மாதம் அந்தக் கை விலகியது. ஒரு மழை நாளுக்கு மறுநாள். திரை எரிகிறது, பேட்டரி நிறைந்திருக்கிறது, மிதித்தால் மோட்டார் அசையவில்லை. மோட்டார் உதவாவிட்டால் அந்த வண்டி 20 கிலோவுக்கு மேல் எடையுள்ள வெறும் இரும்பு. ரயில்வே கேட் பக்கம் இருந்த சைக்கிள் கடைக்குத் தள்ளிக்கொண்டு போனேன். கடைத் தாத்தா குனிந்து பார்த்தார், ஒயர்களைப் பார்த்தார், நிமிர்ந்துவிட்டார். “இன்னாமா பாப்பா, இது கரண்டு வண்டி. நம்ம கைக்கு ஒத்துவராது.” மீஞ்சூரில் மின்சார ஸ்கூட்டர் பார்க்கிற பையனிடம் போனேன். “இது சைக்கிளுக்கா, நாங்க ஸ்கூட்டர்தான் பாக்குறோம்” என்றான். சென்னையில் ஒரு சர்வீஸ் சென்டருக்கு ஒரு லோடு ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போனேன். வண்டியைத் திறக்காமலே, கன்ட்ரோலர் போய்விட்டது, மாற்ற வேண்டும், பாகம் வர மூன்று வாரம் ஆகும் என்றார்கள். அவர்கள் சொன்ன தொகை என் அரை மாதச் சம்பளம்.

வண்டியைத் திரும்ப ஏற்றிக்கொண்டு வந்துவிட்டேன். வழியெல்லாம் ஒரே யோசனை. சைக்கிள்காரருக்கு இது கரண்டு, கரண்டுக்காரருக்கு இது சைக்கிள். இரண்டு தொழிலுக்கும் நடுவில் விழுந்த பொருளை யார் எடுப்பது?

எங்கள் பக்கத்து வீட்டு மாமா மின் நிலையத்தில் இன்ஸ்ட்ருமென்ட் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவர். வட சென்னை அனல் மின் நிலையத்தின் முதல் யூனிட் 1994-இல் ஓடத் தொடங்கிய காலத்திலேயே அங்கே வேலைக்குச் சேர்ந்தவர். கொதிகலனில் எவ்வளவு அழுத்தம், எவ்வளவு சூடு என்று கட்டுப்பாட்டு அறைக்குச் சொல்கிற கருவிகளையே பல வருஷம் பார்த்தவர். வாசலில் வண்டியை இறக்கும்போது பார்த்துவிட்டு, “என்னம்மா ஆச்சு?” என்றார். “கன்ட்ரோலர் போச்சாம் மாமா.” அவர் கேட்ட அடுத்த கேள்வியை நான் மறக்கவே மாட்டேன்.

“யாராவது அளந்து பாத்தாங்களா?”

யாரும் அளக்கவில்லை. எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. ஒவ்வொரு ஷிப்ட் தொடக்கத்திலும் மேடை காலியாக இருக்கும்போது எண் பூஜ்யத்தில் நிற்கிறதா என்று பார்க்காமல் ஒரு வண்டியையும் ஏற்றமாட்டோம். லோடு எவ்வளவு இருக்கும் என்று டிரைவர் சொல்வதை நாங்கள் எழுதிக்கொள்வதில்லை. அப்படிப்பட்ட நான், திறந்துகூடப் பார்க்காத ஒருவர் சொன்ன வார்த்தையைக் கேட்டுப் பாதி சம்பளத்தைக் கொடுக்கத் தயாராகி இருந்தேன்.

மாமா தன் மல்டிமீட்டரை எடுத்து வந்தார். மஞ்சள் உறை கறுத்துப்போயிருந்தது. பேட்டரி முனையில் வைக்கச் சொன்னார். 41.3 வோல்ட். 36 வோல்ட் பேட்டரி என்று மேலே எழுதியிருக்கிறதே என்று கேட்டேன். உள்ளே பத்துத் தொகுதி செல்கள் வரிசையாக இருக்கின்றன, ஒன்று நிறைந்தால் 4.2 வோல்ட், அப்படியானால் மொத்தம் 42, பெயர்ப்பலகையில் இருப்பது நடுவாந்திரக் கணக்கு என்றார். அப்படியென்றால் பேட்டரி சரி. அடுத்து, “பிரேக் புடிச்சா மோட்டார் நிக்குதில்ல, அது எப்படி நிக்குதுன்னு பாத்திருக்கியா?” என்றார். பிரேக் லீவருக்குள் ஒரு சின்ன சென்சார். லீவர் கொஞ்சம் இழுபட்டாலும் மோட்டாருக்குப் போகிற கட்டளையை அது அறுத்துவிடும். இடது லீவர் முழுதாகத் திரும்பி வரவில்லை. உப்புக் காற்றும் சாம்பல் தூளும் சேர்ந்து அதன் அச்சில் இறுகியிருந்தன. மாமா அந்த சென்சாரின் இணைப்பைக் கழற்றிவிட்டு, “இப்ப மிதி” என்றார். பின்சக்கரம் ‘விர்’ரென்று சுற்றியது.

அப்படியே ஓட்டிக்கொண்டு போகவே எனக்கு ஆசை. மாமா விடவில்லை. லீவரைக் கழற்றித் துடைத்து, ஒரு சொட்டு எண்ணெய் விட்டு, சென்சாரைத் திரும்ப மாட்டி, பிரேக் பிடித்தால் மோட்டார் நிற்கிறதா என்று பத்துத் தடவை பார்த்த பிறகுதான் அனுப்பினார். “பாதுகாப்புக்கு வச்சதைக் கழட்டிப் போட்டு ஓட்டுறது ரிப்பேர் இல்லம்மா.” செலவு ஒன்றுமில்லை. நேரம் முக்கால் மணி.

மறுநாள் சைக்கிள் தாத்தாவிடம் போய், கரண்டு பக்கத்தை நான் பார்த்துக்கொள்கிறேன், மற்றதை நீங்கள் சொல்லிக்கொடுங்கள் என்றேன். அவர் என் கையைத் திருப்பிப் பார்த்தார். “கை கறுப்பாவும், பரவால்லியா?” என்றார். பரவாயில்லை என்றேன். அப்படித்தான் தொடங்கியது. காலையில் எனக்கு வேலை இல்லை. 10 மணியிலிருந்து 12 மணிவரை கடையில் ஒரு கவிழ்த்த பெயின்ட் டப்பா மேல் உட்கார்ந்திருப்பேன்.

அவருடைய கடையில் அதிகம் வருவது அம்பத்தூரில் செய்த பழைய சைக்கிள்கள். 1949-இல் அங்கே டி.ஐ. நிறுவனம் தொடங்கிய பிறகு இந்தப் பக்கத்தில் சைக்கிள் என்றால் ஹெர்குலிஸ், பி.எஸ்.ஏ. என்று பெயர் சொல்லித்தான் கேட்பார்கள் என்பார். கியர், டிஸ்க் பிரேக் எல்லாம் அவருக்குப் பிந்தி வந்தவை. ஆனால் சக்கரத்தையும் சங்கிலியையும் அவர் அறிந்த மாதிரி அறிந்தவரை நான் பார்த்ததில்லை. சக்கரத்தைச் சுற்றிவிட்டு, கட்டை விரல் நகத்தை ரிம்முக்குப் பக்கத்தில் வைத்துக்கொள்வார். எங்கே நகம் உரசுகிறதோ அங்கே கோட்டம். ரிம் இடப்பக்கம் வந்தால் வலப்பக்கக் கம்பியை இறுக்கு, இடப்பக்கத்ததைத் தளர்த்து, நிப்பிளைக் கால் சுற்றுக்கு மேல் ஒரே நேரத்தில் திருப்பாதே. சொல்வதற்கு இவ்வளவுதான். கைக்கு வர எனக்கு இரண்டு மாதமாயிற்று. மோட்டார் உட்கார்ந்த பின்சக்கரத்துக்குக் கம்பிகள் தடிப்பு, நீளம் குறைவு, பள்ளத்தில் விழும்போது முழுப் பாரமும் அவற்றின் மேல். வாரம் ஒருமுறை கம்பிகளை இரண்டிரண்டாகச் சேர்த்துப் பிடித்து அமுக்கிப் பார்க்கச் சொன்னார். தளர்ந்த கம்பி விரலுக்கே தெரிந்துவிடும்.

அவர் சொன்னதில் மிகப் பெரியது சத்தத்தைப் பற்றியது. “சத்தம் வந்தா எங்கேருந்து வருதுன்னு காதால தேடாத. எலும்பு மாரி, இங்க அடிச்சா அங்க கேக்கும். எண்ணு.” சக்கரம் ஒரு சுற்றுக்கு ஒரு தரம் சத்தம் வந்தால் அது சக்கரத்தில், அல்லது டிஸ்க்கில். மிதி ஒரு சுற்றுக்கு ஒரு தரம் வந்தால் பெடலில், கிராங்கில், அல்லது நடு அச்சின் பால்ரஸில். இரண்டுக்கும் பொருந்தாமல் இரண்டரை மிதிக்குக் கொஞ்சம் கூட ஆகி ஒரு தரம் வந்தால் சங்கிலியில் ஒரே ஒரு கண்ணி இறுகியிருக்கிறது. ஏன் இரண்டரை என்று நான் வீட்டுக்கு வந்து எண்ணிப் பார்த்தேன். என் வண்டியின் முன் பல்சக்கரத்தில் 42 பல், சங்கிலியில் 110 கண்ணி. 110-ஐ 42-ஆல் வகுத்தால் 2.6. கணக்கு எழுதிப் பழகாத அந்த மனிதர் சரியாகச் சொல்லியிருந்தார்.

சங்கிலி எங்கள் ஊரில் சீக்கிரம் சாகும். இதற்குக் காரணம் புரிய எனக்கு ஒரு சங்கிலியும் ஒரு ஃப்ரீவீலும் செலவாயின. சங்கிலிக்கு எண்ணெய் விட வேண்டும் என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். நான் தாராளமாக விட்டேன். ஐந்தாறு மாதத்தில் கியர் தாவத் தொடங்கியது. தாத்தா அங்குல ஸ்கேலைச் சங்கிலி மேல் வைத்தார். புதுச் சங்கிலியில் ஒரு ஊசியின் நடுவில் தொடங்கினால் சரியாக 12 அங்குலத்தில் இன்னொரு ஊசி நிற்கும். அது ஒரு அங்குலத்தில் பதினாறில் ஒரு பங்கு தள்ளிப்போனால் சங்கிலியை மாற்ற வேண்டிய நேரம். எட்டில் ஒரு பங்கு போனால் பல்சக்கரமும் சேர்ந்து போயிற்று என்று அர்த்தம். எனக்கு எட்டில் ஒன்றையும் தாண்டியிருந்தது. சங்கிலியில் படிந்திருந்த கறுப்பை விரலில் எடுத்துத் தேய்த்துப் பார்த்தேன். நறநறவென்றது. நிலக்கரிச் சாம்பலில் பெரும்பகுதி சிலிக்காவும் அலுமினாவும், கண்ணாடியை இடித்த தூள் மாதிரி. எண்ணெயோடு சேர்ந்தால் மெக்கானிக்குகள் எஞ்சின் வால்வை அரைக்கப் போடுகிற பேஸ்ட்டுக்கு அண்ணன். நான் மாதக்கணக்கில் சங்கிலிக்கு அதைத்தான் பூசி ஓட்டியிருக்கிறேன்.

எண்ணெயை விட்டுவிட்டு மெழுகுக்கு மாறினேன். சங்கிலியைக் கழற்றி மண்ணெண்ணெயில் ஊறப்போட்டு, நீர் தெளியும்வரை அலசி, காயவைத்து, கொதிக்கும் தண்ணீர்ப் பாத்திரத்துக்குள் இன்னொரு பாத்திரம் வைத்து உருக்கிய பாரபின் மெழுகில் முக்குவேன். மெழுகை நேரடியாக அடுப்பில் வைக்கக் கூடாது, தீப்பிடிக்கும். கண்ணிகளுக்குள்ளிருந்து குமிழ் வருவது நின்றதும் வெளியே எடுத்து, கம்பியில் தொங்கவிட்டால் ஆறும்போது விறைத்துப்போகும். ஒவ்வொரு கண்ணியாக மடக்கி உடைத்து மாட்ட வேண்டும். முதல் இரண்டு கிலோமீட்டர் மெழுகு செதில் செதிலாக உதிரும். அதன் பிறகு சங்கிலியைத் தொட்டால் கையில் கறை படாது, சாம்பலும் ஒட்டாது. 300 கிலோமீட்டருக்கு ஒருமுறை, மழைக்காலத்தில் அதற்கும் முன்பே இதைச் செய்கிறேன். அம்மா ஒரு பழைய பால் குக்கரை இதற்கென்றே எழுதிக் கொடுத்துவிட்டார். இரண்டாவது சங்கிலி ஒன்றரை வருஷத்துக்கு மேல் ஓடியது.

மலைச் சைக்கிளின் கதையை ஒருநாள் படித்துவிட்டுத் தாத்தாவிடம் சொன்னேன். 1976-இல் சான்பிரான்சிஸ்கோவுக்கு வடக்கே, மரின் மாவட்டத்தில் சில இளைஞர்கள் பழைய கனத்த சைக்கிள்களை மலை உச்சிக்குத் தள்ளிக்கொண்டு போய், மண் பாதையில் பாய்ந்து இறங்கிப் பந்தயம் விட்டார்கள். சார்லி கெல்லி, கேரி ஃபிஷர், ஜோ பிரீஸ் போன்றவர்கள். பின்னால் மிதித்தால் பிடிக்கிற பிரேக், சக்கர அச்சுக்குள்ளேயே இருக்கும் வகை. ஒரே இறக்கத்தில் அதன் கிரீஸ் முழுதும் சூட்டில் புகைந்து போய்விடும். ஒவ்வொரு தடவையும் அச்சைப் பிரித்து மறுபடி கிரீஸ் அடைக்க வேண்டும். ஆங்கிலத்தில் அப்படித் திரும்ப அடைப்பதைச் சொல்லும் சொல்லையே அந்தப் பாதைக்கும் பந்தயத்துக்கும் பெயராக வைத்தார்கள், ‘ரீபேக்’ என்று. தாத்தா அப்போது ஒரு முன்சக்கரத்தின் அச்சுக் கிண்ணத்தில் புதுக் கிரீஸைத் தடவி, பால்ரஸ்களை ஒவ்வொன்றாகப் பதித்துக்கொண்டிருந்தார். கை நிற்கவில்லை. “அப்ப அவனுங்களும் நம்ம ஆளுதான்” என்றார்.

மாமா வகுப்பு ஞாயிற்றுக்கிழமை மாலைகளில். அவர் எனக்குக் கொடுத்த முதல் வேலை, வண்டியில் உள்ள எல்லா இணைப்புகளையும் ஒரு நோட்டில் வரைவது. எந்த ஒயர் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது, என்ன நிறம், நல்ல நிலையில் எவ்வளவு வோல்ட். கெட்டுப்போன பிறகு அளப்பதில் பாதிப் பயன்தான், நன்றாக இருக்கும்போது அளந்து எழுதியிருந்தால்தான் எது மாறியிருக்கிறது என்று தெரியும் என்பார். காலி எடை எழுதாமல் சுமை எடை மட்டும் வைத்து என்ன செய்வது? எனக்கு அது உடனே பிடிபட்டது. பேட்டரியைச் சும்மா நிற்கும்போது அளந்தால் ஒரு எண். நான் ஏறி உட்கார்ந்து மிதித்து, மோட்டார் இழுக்கும்போது அளந்தால் வேறு எண். அந்த வித்தியாசம் வருஷத்துக்கு வருஷம் எவ்வளவு கூடுகிறது என்பதுதான் பேட்டரியின் வயசு. பாரம் ஏற்றாமல் எந்தப் பொருளின் பலத்தையும் சொல்ல முடியாது.

கடலோர ஊரில் இணைப்புகளுக்கு வருகிற நோய் களிம்பு. செம்புக் குடத்தில் ஏறுகிற அதே பச்சை. குடத்தைப் புளி போட்டுத் தேய்த்துவிடலாம். ஒயர் முனைக்குப் புளி ஆகாது, ஈரமும் புளிப்பும் உள்ளே தங்கி மறுபடி அரிக்கும். அதற்கென்று இருக்கிற ஸ்ப்ரேயால் கழுவி, உலர்ந்த பிறகு மின்சாரம் கடத்தாத கிரீஸைத் தடவி மூட வேண்டும். இன்னொன்றும் மாமா சொன்னார். ஒயர் எந்தப் பெட்டிக்குள் நுழைந்தாலும் கீழே தொங்கி வளைந்து மேலேறித்தான் நுழைய வேண்டும். அப்போது மழைத் தண்ணீர் வளைவின் அடியில் சொட்டி விழுந்துவிடும். மேலிருந்து நேராக நுழைந்தால் தண்ணீர் ஒயரையே வழியாகப் பிடித்துக்கொண்டு உள்ளே போகும். மின் நிலையத்தில் ஆயிரக்கணக்கான பெட்டிகளை இந்த ஒரு விதிதான் காப்பாற்றுகிறதாம். என் வண்டியில் மோட்டார் ஒயர் அச்சுக்கு மேலாக இழுத்துக் கட்டப்பட்டிருந்தது. மாற்றிக் கட்ட வேண்டும் என்று நோட்டில் எழுதி வைத்தேன். எழுதியதோடு விட்டுவிட்டேன்.

2023 டிசம்பர் 3-ஆம் தேதி இரவு மிக்ஜாம் புயல் மழை பிடித்தது. 4-ஆம் தேதி முழுக்க விடவில்லை. எங்கள் தெருவில் தண்ணீர் ஏறத் தொடங்கியதும் அரிசி மூட்டையைப் பரணில் ஏற்றினோம், பீரோவின் கீழ்த் தட்டைக் காலி செய்தோம். நான் பேட்டரியைக் கழற்றித் துணியில் சுற்றி மாடிக்குக் கொண்டுபோனேன். வண்டியைத் தூக்க ஆள் இல்லை. இரண்டு நாள் அது சக்கரத்தின் பாதிக்கு மேல் தண்ணீரில் நின்றது. அந்த வாரம் எண்ணூர் முகத்துவாரத்தில் எண்ணெய்க் கழிவு படர்ந்து, மீனவர்களின் படகும் வலையும் கறுத்துப்போய், அவர்கள் வாளியும் துணியுமாக ஆற்றை வழித்துக்கொண்டிருந்தார்கள். அதைப் பார்த்துவிட்டு வந்த பிறகு ஒரு சைக்கிளைப் பற்றிப் பேச வாய் வரவில்லை. வேலைக்குப் போக வண்டி வேண்டும் என்பது மட்டும் நின்றது.

தண்ணீர் வடிந்து, ஒரு வாரம் வெயிலில் வைத்து, பேட்டரியை மாட்டினேன். மிதித்ததும் பின்சக்கரம் காய்ச்சல் வந்த பிள்ளை மாதிரி உதறியது. சுற்றவில்லை. கையால் தள்ளிவிட்டால் கொஞ்சம் ஓடும், நின்றால் மறுபடி உதறும். இந்தத் தடவை யாரிடமும் தள்ளிக்கொண்டு போகவில்லை. நோட்டை எடுத்தேன்.

மோட்டாருக்குள் தடித்த ஒயர் மூன்று போகிறது, மஞ்சள், பச்சை, நீலம். சுருள்களுக்கு மின்சாரம் கொண்டுபோகிறவை. அவற்றோடு மெல்லிய ஒயர் ஐந்து. சிவப்பும் கறுப்பும் 5 வோல்ட் கொடுக்க. அதே மூன்று நிறங்களில் மீதி மூன்றும் உள்ளே இருக்கிற மூன்று ஹால் சென்சார்களின் குரல். காந்தம் இப்போது எங்கே நிற்கிறது என்று அவை சொன்னால்தான், அடுத்து எந்தச் சுருளுக்கு மின்சாரம் விட வேண்டும் என்று கன்ட்ரோலருக்குத் தெரியும். மல்டிமீட்டரை ஒவ்வொரு குரல் ஒயரிலும் வைத்துச் சக்கரத்தை மெதுவாகக் கையால் பின்னோக்கிச் சுற்றினால் 0-வும் 5-மாக மாறி மாறி வர வேண்டும். மஞ்சள் மாறியது. நீலம் மாறியது. பச்சை 5-லேயே நின்றது. எத்தனை சுற்றினாலும் 5. மூன்று பேர் வழி சொல்ல வேண்டிய இடத்தில் ஒருவர் ஒரே வார்த்தையைச் சொல்லிக்கொண்டிருந்தால் யாரும் உதறத்தான் செய்வார்கள். நானே கண்டுபிடித்தேன் என்பதை நம்ப மூன்று தடவை அளந்தேன்.

மோட்டாரைப் பிரிப்பதற்குத் தாத்தா கடையில் மூன்று பேரும் கூடினோம். அவர்கள் இருவரும் ஒரே வேலையில் கை வைத்தது அன்றுதான் முதல் தடவை. 18-ஆம் நம்பர் ஸ்பேனரால் அச்சு நட்டைத் தளர்த்தும் முன், அச்சு தானே சுழன்றுவிடாமல் பிடிக்கிற பல் வைத்த வாஷர் எந்தப் பக்கம் பார்த்து உட்கார்ந்திருக்கிறது என்று படம் எடுத்துக்கொண்டேன். அது மாறி மாட்டப்பட்டால் அச்சு சுழன்று ஒயரையே அறுத்துவிடும். ஃப்ரீவீலைத் தாத்தா கழற்றினார். மூடியின் திருகுகளை மாமா எடுத்தார். உள்ளே செம்மண் குழம்பு மாதிரி துருத் தண்ணீர். அதன் நடுவே வெள்ளையாக நைலான் பல்சக்கரங்கள் மூன்று, தண்ணீர் பட்ட சுவடே இல்லாமல். தாத்தா அவற்றை விரலால் சுற்றிப் பார்த்தார். “இதுக்குள்ளயும் பல்லும் கிரீஸுந்தானா! இது தெரிஞ்சிருந்தா அன்னைக்கே தொட்டிருப்பேனே.” 1895-லேயே அமெரிக்காவில் ஆக்டன் போல்டன் என்பவர் பின்சக்கர அச்சில் மோட்டார் வைத்த சைக்கிளுக்குக் காப்புரிமை வாங்கிவிட்டார். அதற்குப் பிறகு எவ்வளவு மாறினாலும், சக்கரம் சக்கரமாகத்தான் இருந்தது.

ஹால் சென்சார் அரிசியைவிடக் கொஞ்சம் பெரியது, மூன்று கால். சென்னை ரிச்சி தெருவில் ஒரு கடையில் எஸ்எஸ்41எஃப் என்று எழுதிய சீட்டை நீட்டினேன். “எத்தனை?” என்று மட்டும் கேட்டார்கள். ஒன்று கெட்டால் மற்றவற்றுக்கும் அதே தண்ணீர்தானே என்று மாமா மூன்றையும் மாற்றச் சொல்லியிருந்தார். பழையதைப் பசையோடு பெயர்த்தெடுக்கும்போது சுருள் ஒயரின் பூச்சில் கீறல் படாமல் பார்ப்பது, எழுத்துள்ள பக்கம் எதைப் பார்த்து இருந்ததோ அப்படியே புதியதை வைப்பது, ஈயம் வைக்கும்போது அதிக நேரம் சூடு காட்டாமல் எடுப்பது. முதல் சென்சாரை நான் எரித்துவிட்டேன். மாமா ஒன்றும் சொல்லாமல் இன்னொன்றை எடுத்துக் கொடுத்தார். ஆறு வாங்கி வரச் சொன்னதற்குக் காரணம் அப்போதுதான் புரிந்தது. ஒவ்வொரு காலுக்கும் சூடு பட்டால் சுருங்கிக் கவ்வுகிற குழாயை மாட்டி, எல்லாவற்றையும் மூடி, ஒயர் வெளியே வருகிற இடத்தில் சிலிக்கான் வைத்து, இந்தத் தடவை ஒயரை அச்சுக்குக் கீழே தொங்கவிட்டு வளைத்துக் கட்டினேன். ஒரு வருஷத்துக்கு முன் நோட்டில் எழுதியது.

சக்கரம் சுற்றியது. உதறல் இல்லை. சத்தம் இல்லை.

நான் தொடாத இடம் ஒன்று உண்டு. பேட்டரியின் உள்ளே. வெளி முனையில் அளப்பேன், சார்ஜர் பின்னைத் துடைப்பேன், ஓட்டி வந்த சூட்டோடு சார்ஜ் போடமாட்டேன், தூங்கும்போது போடமாட்டேன், வீட்டை விட்டு வெளியேறும் வழியில் வைத்துப் போடமாட்டேன். அதற்கு மேல் இல்லை. லித்தியம் செல்கள் உள்ளே ஷார்ட் சர்க்யூட் ஆனால் ஒன்றிலிருந்து ஒன்றுக்குத் தீ தாவும், அணைப்பதும் எளிதில்லை. பல வருஷம் மின் நிலையத்தில் இருந்த மாமாவே, “இதுக்குப் பழகின கை வேணும், என் கை அது இல்ல” என்றார். அவர் அப்படிச் சொன்ன பிறகு நான் அந்த ஆசையையே விட்டுவிட்டேன். எப்படியும் செய்துவிடலாம் என்று காணொளி பார்த்து பேட்டரியைப் பிரிக்கிற பிள்ளைகளைக் காணும்போதெல்லாம் எனக்கு வயிறு கலங்குகிறது. வேண்டாம் தம்பி என்று இங்கேயே சொல்லிவைக்கிறேன்.

இந்த வருஷம் பொங்கல் கழிந்த ஒரு விடுமுறை நாளில் பழவேற்காட்டுக்குப் போனேன். மீஞ்சூர், பொன்னேரி வழியாக, ஒரு நடைக்கு 35 கிலோமீட்டர் போல. பேட்டரியில் 360 வாட் மணி இருக்கிறது. என் மிதிப்புக்கு ஒரு கிலோமீட்டருக்கு 9 வாட் மணி செலவாவதை நோட்டு சொன்னது. போக முடியும், திரும்ப முடியாது. சார்ஜரைப் பையில் போட்டுக்கொண்டேன். பொன்னேரி தாண்டினால் வயல்கள், பிறகு மரமே குறைந்து வெளுத்த தரை, பிறகு ஏரி. தூரத்தில் பூநாரைகள் தண்ணீரின் மேல் ரோஜா நிறக் கோடாக நின்றன. டச்சுக்காரர்களின் கல்லறைத் தோட்டத்தைப் பார்த்துவிட்டு, ஒரு டீக்கடையில் கேட்டேன். கடைக்கார அக்கா செல்போன் சார்ஜ் போடுகிற பிளக்கைக் காட்டி, “போட்டுக்கம்மா, கரண்டு எவ்ளோ இழுக்கும்?” என்றார். முழுதாக ஏறினாலும் அரை யூனிட்டைத் தாண்டாது என்றேன். நம்பாமல் சிரித்தார். மூன்று மணி நேரம் அங்கேயே மீன் குழம்புச் சோறு, டீ, ஊர்க்கதை.

திரும்பி வரும்போது பொன்னேரிக்கு முன்னால் சத்தம் வந்தது. ‘டக்’. லேசாக, காலுக்கடியில். பழைய நாளாக இருந்தால் நெஞ்சு அடித்துக்கொண்டிருக்கும். மோட்டாரை அணைத்துவிட்டு வெறுமனே மிதித்தேன், இருந்தது. மிதிப்பதை நிறுத்தி உருளவிட்டேன், இல்லை. அப்படியானால் சக்கரம் இல்லை, டிஸ்க் இல்லை. வலது கால் கீழே போகும்போதெல்லாம் எண்ணத் தொடங்கினேன். ஒன்று, இரண்டு, டக். ஒன்று, இரண்டு, மூன்று, டக். ஒன்று, இரண்டு, மூன்று, டக். இரண்டுமில்லை, மூன்றுமில்லை. நடுவில்.

ஒரு புளிய மரத்தடியில் இறங்கி, வண்டியைக் கவிழ்த்து வைத்து, பெடலைப் பின்னோக்கி மெதுவாகச் சுற்றினேன். சங்கிலி வழவழவென்று ஓடி, கியருக்கு அடியில் இருக்கும் சின்னப் பல்சக்கரத்தில் நுழையும் இடத்தில் ஒரு கண்ணி மட்டும் மடங்காமல் முழங்கால் மாதிரி துருத்திக்கொண்டு தாண்டியது. ஏரிக்காற்றின் உப்பு. அந்தக் கண்ணியை இரண்டு கட்டை விரலுக்கும் நடுவில் பிடித்து, பக்கவாட்டில் அப்படியும் இப்படியுமாக நாலு தரம் அசைத்தேன். விட்டுக்கொடுத்தது. மறுபடி சுற்றிப் பார்த்தேன், 110 கண்ணியும் வரிசையாக மடங்கிப் போயின. கையைத் துடைக்கத் துணி எடுத்தேன். மெழுகுச் சங்கிலி, கறை ஒன்றுமில்லை. வண்டியை நிமிர்த்தி ஏறி உட்கார்ந்தேன். மீஞ்சூர் கேட் மூடுவதற்குள் போய்ச் சேர வேண்டும்.